கழற்றி எடுத்த ஃபிளாஷ் விளக்கு லேசருக்கு மின்சப்ளை: கேள்வி பதில்

பழைய கருவியிலிருந்து கழற்றிய நியோடிமியம் யாக் லேசர் தலை (ஃபிளாஷ் விளக்கும், அதன் ஒளியை வாங்கி லேசராக்கும் யாக் படிகத் தண்டும் உள்ள பகுதி) மட்டும் கையில் இருக்கிறது, சப்ளையும் இல்லை, லேபிளும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கேள்வி: அண்ணா, தலையிலிருந்து ரெண்டு தடிமனான வயரும் ஒரு மெல்லிய வயரும் வருது. எத்தனை வோல்ட், எத்தனை மைக்ரோஃபாரட் போடணும்?

தடிமனான இரண்டும் விளக்கின் இரு எலக்ட்ரோடுக்கு, மெல்லியது ட்ரிகருக்கு, அதாவது விளக்கைப் பற்றவைக்கும் ஆயிரக்கணக்கான வோல்ட் துடிப்புக்கு. வோல்ட்டும் மைக்ரோஃபாரடும் எவ்வளவு என்பதை, விளக்கை அளந்தால் அதுவே சொல்லிவிடும். இரண்டு அளவு போதும்: எலக்ட்ரோடு நுனியிலிருந்து நுனி வரையுள்ள தூரம், குழாயின் உள்விட்டம். கண்ணாடியின் முழு நீளத்தையோ வெளிவிட்டத்தையோ எடுத்தால் கணக்கு மொத்தமும் தப்பிவிடும்.

உதாரணமாக 50 மி.மீ. நீளம், 4 மி.மீ. உள்விட்டம் என்று வைத்துக்கொள்வோம். நீளத்தை விட்டத்தால் வகுத்து 1.28-ஆல் பெருக்கினால் 16 வரும். அதுதான் அந்த ஜினான் விளக்கின் மாறிலி. பல்ஸ் நீளத்துக்கு 150 மைக்ரோ நொடி எடுங்கள். யாக் தண்டு வாங்கிய ஆற்றலைச் சுமார் 230 மைக்ரோ நொடிதான் தேக்கி வைக்கும். பல்ஸ் அதற்கு மேல் நீண்டால் வெளிச்சம் வீண். சிறிய தண்டுக்கு 15 ஜூலில் தொடங்கலாம்.

இனி கணக்கு. 0.09-ஐ ஜூலாலும், நொடியில் எழுதிய பல்ஸ் நீளத்தின் வர்க்கத்தாலும் பெருக்கி, மாறிலியின் நான்காம் அடுக்கால் வகுத்து, கனமூலம் எடுத்தால் கெப்பாசிட்டர் கிடைக்கும்: 77 மைக்ரோஃபாரட். பல்ஸ் நீளத்தின் வர்க்கத்தை 9 மடங்கு கெப்பாசிட்டரால் வகுத்தால் காயில் (கெப்பாசிட்டருக்கும் விளக்குக்கும் நடுவே தொடராக வரும் கம்பிச் சுருள்): 32 மைக்ரோஹென்றி. 77 மைக்ரோஃபாரடில் 15 ஜூல் தேங்க வேண்டுமானால் 620 வோல்ட் தேவை.

காயிலுக்கு 5 செ.மீ. வெளிவிட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயில் 1.6 மி.மீ. எனாமல் கம்பியை இடைவெளி விடாமல் 30 சுற்று சுற்றுங்கள். உள்ளே ஃபெரைட் (காந்த உள்ளகம்) வேண்டாம். உச்ச மின்னோட்டம் 400 ஆம்பியரைத் தாண்டும். சாதாரண ஃபெரைட் அதில் செறிவடைந்து, காயிலே இல்லாதது போலாகிவிடும்.

கேள்வி: 15 ஜூலுக்கு விளக்கு வெடிச்சிடாதா?

இந்த அளவு குவார்ட்ஸ் விளக்கு 150 மைக்ரோ நொடியில் வெடிக்கக் கிட்டத்தட்ட 290 ஜூல் வேண்டும். நீங்கள் அதில் ஐந்து சதவீதத்தில் நிற்கிறீர்கள். 30 சதவீதத்துக்குப் போனால் ஆயுள் சில பத்தாயிரம் பளிச்சுகளாகச் சுருங்கும். காயிலை விட்டுவிட்டு நேரடியாக இணைப்பவர்கள்தான் குறைந்த ஜூலிலும் விளக்கைக் கெடுக்கிறார்கள்: பல்ஸ் குறுகி, அதிர்ச்சி அலை குவார்ட்ஸை அடிக்கிறது.

கேள்வி: கேமரா ஃபிளாஷிலிருந்து எடுத்த 330 வோல்ட் கெப்பாசிட்டர் சரிப்படுமா?

சரிப்படும். 160 மைக்ரோஃபாரட் இரண்டைத் தொடராகப் போட்டால் 80 மைக்ரோஃபாரட், 660 வோல்ட். ஒவ்வொன்றின் குறுக்கேயும் 47 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். வோல்ட்டைச் சமமாகப் பிரிப்பதும் அணைத்தபின் வடிப்பதும் அதன் வேலை. 620 வோல்ட் 10 வோல்ட்டாக இறங்க அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். பவர் சப்ளை போர்டில் இருக்கும் சாதாரண ஃபில்ட்டர் எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், உள் மின்தடை அதிகம், சூடாகும். பணம் ஒதுக்க முடிந்தால் 900 வோல்ட் ஃபிலிம் வகை இவை எல்லாவற்றையும் விட நல்லது.

கேள்வி: சார்ஜ் பண்ண மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா கிடக்கு சார்.

அது கிடந்தபடியே கிடக்கட்டும். 2000 வோல்ட் அளவில், ஆளைக் கொல்லப் போதுமான மின்னோட்டத்தைத் தரும் பொருள் அது. தொட்டால் ஆள் பிழைப்பது அபூர்வம். மெயின்ஸை நேராக டபுளர் (வோல்ட்டை இரட்டிப்பாக்கும் சுற்று) வைத்து ஏற்றுவதும் கூடாது, தலையின் உலோகம் முழுக்க மெயின்ஸோடு சேர்ந்துவிடும். தனிமைப்படுத்திய, குறித்த வோல்ட்டில் தானே நிற்கும் 10 வாட் ஃப்ளைபேக் இன்வெர்ட்டர் (குறைந்த வோல்ட்டை உயர் வோல்ட்டாக்கும் சிறு சுற்று) போதும். வடிக்கும் ரெசிஸ்டருக்கே 4 வாட் போகும், மீதியில் மூன்று நான்கு நொடியில் நிறைந்துவிடும்.

கேள்வி: கெப்பாசிட்டரை ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணினா போதாதா?

15 ஜூலுக்கு நுனி உருகி ஒட்டும், தெறிக்கும், கெப்பாசிட்டரின் உள் இணைப்பும் அடிபடும். நீளமான காப்புக் குச்சியின் நுனியில் 1 கிலோ ஓம், 50 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரைக் கட்டி, அதன் மறுமுனையைக் கெப்பாசிட்டரின் மைனஸில் நிரந்தரமாக இணையுங்கள். குச்சியால் ஒரு நொடி தொட்டு, மீட்டரில் பார்த்து, பிறகு ஒரு வயரால் இரு முனையையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். கட்டுவது எதற்கென்றால், காலியான கெப்பாசிட்டரிலும் சற்று நேரத்தில் வோல்ட் மெல்லத் தலைதூக்கும். வடிக்கும் ரெசிஸ்டர் இருக்கிறதே என்று நம்பி இதை விடாதீர்கள். அதன் ஒரு காலில் சால்டர் விட்டுப் போனாலும் வெளியில் தெரியாது.

கேள்வி: 620 வோல்ட் நிக்குது, ட்ரிகர் 'டிக்'னு சத்தம் போடுது, விளக்கு எரியலை.

முதலில் வடித்து, முக்கியக் கெப்பாசிட்டரைக் கழற்றுங்கள். அறையை இருட்டாக்கி ட்ரிகரை மட்டும் அடியுங்கள். எலக்ட்ரோடுகளுக்கு நடுவே மெல்லிய ஊதா நூல் ஓடுகிறதா?

ஓடினால் விளக்கும் ட்ரிகரும் நலம். பிரதான வயரிங்கில் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது அந்த விளக்குக்கு வோல்ட் போதவில்லை.

ஓடாவிட்டால் மெல்லிய வயர் எங்கே போகிறது என்று பாருங்கள். பல தலைகளில் அது விளக்கைச் சூழ்ந்த உலோகப் பிரதிபலிப்பானிலேயே முடியும். அந்த உலோகத்தை எர்த் செய்த அலுமினியத் தட்டில் திருகி வைத்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட் ட்ரிகர் மொத்தமும் தட்டு வழியே இறங்கிவிடும். அடியில் 10 மி.மீ. அக்ரிலிக் தட்டும் நைலான் திருகும் போட்டால் பெரும்பாலும் எரியும். அதற்குப் பிறகு பிரதிபலிப்பானும் உயர் வோல்ட் பாயும் முனைதான், தொடக்கூடாது. இன்னும் எரியாமல், எலக்ட்ரோடு நுனி வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டது. புது விளக்குதான் வழி.

கேள்வி: பளிச்சிட்ட பிறகு அணையாம மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

சார்ஜர் நிற்காமல் ஊட்டுகிறது, வாயு அணைய இடைவெளி இல்லை. ட்ரிகர் அடித்ததும் சார்ஜரை 50 மில்லி நொடி நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: எந்தப் பக்கம் பிளஸ்?

கழற்றும்போதே வயரில் குறித்திருக்க வேண்டும். சிவப்பு வயரோ சிவப்புப் புள்ளியோ இருந்தால் ஆனோடு, அதாவது பிளஸ். மாற்றிக் கொடுத்தாலும் எரியும், அதனால்தான் பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் எலக்ட்ரோடு நுனி கெட்டு, குழாயின் ஓரம் சீக்கிரம் கறுக்கும்.

கேள்வி: விளக்கு நல்லா பளிச்சிடுது, லேசர் மட்டும் வரலை.

தண்டின் இரு பக்கமும் உள்ள லேசர் கண்ணாடிகளைச் சரிசெய்யும் திருகுகளில் கை வைக்காதீர்கள். ஒருமுறை கலைந்தால் சீரமைக்க ஒரு வாரம் போகும். டெவலப் செய்த, முழுக் கறுப்பான ஃபோட்டோ பேப்பரைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் இட்டு, லேசர் வெளிவரும் துளையருகே வைத்து, 20 வோல்ட் 20 வோல்ட்டாக ஏற்றுங்கள். 'சடக்' என்று வெள்ளைப் பொட்டு விழுந்தால் வருகிறது. உறை எதற்கென்றால், சிதறும் துகள் லென்ஸில் படியாமல் இருக்க.

விளக்கின் வரம்பு, கெப்பாசிட்டரின் வோல்ட் வரம்பு இரண்டில் குறைந்தது வரை விழாவிட்டால், தனியாகக் கழலக்கூடிய கியூ சுவிட்ச் (தண்டில் ஆற்றல் சேரும்வரை ஒளியைத் தடுத்து, பிறகு ஒரே குறுகிய பல்ஸாக விடும் பகுதி) இருந்தால் அதை எடுத்துவிட்டு அடியுங்கள். இப்போது பொட்டு விழுந்தால் குற்றவாளி அதுதான். சாயம் கலந்த பிளாஸ்டிக் வகை பழசானால் கெடும், குரோமியம் யாக் படிகம் எளிதில் கெடாது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த வகைக் கியூ சுவிட்சில் வோல்ட்டை ஏற்றினால் பல்ஸ் பெரிதாகாது, இரண்டு மூன்றாகப் பிரியும்.

கேள்வி: பச்சை லேசருக்கு வாங்கின பாதுகாப்புக் கண்ணாடி இருக்கு, போதுமா?

போதாது. பச்சை லேசரின் 532 நானோமீட்டர் ஒளியைத் தடுப்பது, இந்த லேசரின் 1064 நானோமீட்டரை அப்படியே விடலாம். கண்ணாடியில் 1064 என்றும், அதற்கு நேரே OD (ஒளியைத் தடுக்கும் திறனின் அளவு) 5-க்குக் குறையாத எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். 7 இருந்தால் நிம்மதி. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, பல்ஸோ சில நானோ நொடி, இமை மூட அவகாசமே இல்லை. கறுப்பு அனோடைஸ் செய்த அலுமினியத்தைத் தடுப்பாக வைக்காதீர்கள். கண்ணுக்குக் கறுப்பு, 1064-க்குப் பளபளப்பு. சொரசொரப்பான நெருப்புச் செங்கல் சரி.

கேள்வி: தண்ணீர் குளிர்ச்சி வேணுமா?

பத்து நொடிக்கு ஒரு பளிச்சு என்றால் சராசரி 1.5 வாட்தான், வேண்டாம். நொடிக்கு ஒன்று என்று போனால் மின்விசிறி வையுங்கள், அதற்கும் மேலே போனால் அயனி நீக்கிய நீர். குழாய்த் தண்ணீர் மின்சாரம் கடத்தி ட்ரிகரைத் தின்றுவிடும்.