மறு: ஜி12டி மாற்றத்துக்குச் சோட்டோரசிப் பயன்படுமா?

வணக்கம். தந்தையாரின் நுரையீரல் புற்றுநோய் அறிக்கையில் கேராஸ் என்ற மரபணுவில் ஜி12டி மாற்றம் என்றிருப்பதால் சோட்டோரசிப் என்ற புற்றுநோய் மருந்தைக் கேட்டுப் பெறலாமா என்று எழுதியிருந்தீர்கள். அது அவருக்குப் பயன்தராது. 2013இல் கலிஃபோர்னியாவில் வேதியியலாளர் கெவான் ஷோகட் குழுவினர் அம்மரபணு உருவாக்கும் கேராஸ் புரதத்தில் வெளிப்படுத்திக் காட்டிய சிறு குழியில் அமர்ந்து, ஜி12சி என்ற வேறொரு மாற்றத்தால் 12ஆம் இடத்தில் வந்த சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு விடுபடாத பிணைப்பை ஏற்படுத்துவதே 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அம்மருந்தின் வேலை. ஜி12டியில் அவ்விடத்தில் இருப்பது அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற வேறொரு அமினோ அமிலம். அதில் கந்தகமே இல்லாததால் மருந்துக்குப் பற்றிக்கொள்ள இடமில்லை. பெயர்கள் ஒத்திருப்பதால் இக்குழப்பம் இயல்பானதே. ஜி12டிக்கென்றே வடிவமைத்த சேர்மங்கள் மனிதர்களிடம் பரிசோதிக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் சேர வழியுண்டா என்று புற்றுநோய் மருத்துவரிடம் அறிக்கையைக் காட்டி இவ்வாரமே கேளுங்கள். நடந்துவரும் சிகிச்சையை அதற்காக நிறுத்திவிட வேண்டாம்.