சேலத்தில் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொள்ளும் குடும்ப டாக்டர் கிடைப்பாரா?

தர்மபுரியிலிருந்து அஸ்தம்பட்டிக்குக் குடிவருகிறீர்கள். கையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சளி, காய்ச்சல் என்றால் அதைக் காட்டிப் பார்த்துவிட்டு வர பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒருவர் கிடைக்க மாட்டாருங்க. தர்மபுரியிலும் கிடைத்திருக்க மாட்டார். உங்களுக்கு இதுவரை தேவைப்படவில்லை போலிருக்கிறது, நல்லது.

அந்த அட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு உரியது, கிளினிக் பெஞ்சுக்கு உரியதல்ல. 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு சேர்ந்து, இன்று குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை வந்து நிற்கிறது. ஆனால் அடிப்படை அதேதான். பட்டியலில் இருக்கும் ஆபரேஷன், பெரிய சிகிச்சை, சில பரிசோதனைகள். டாக்டர் ஃபீஸுக்கும் மூன்று நாள் மாத்திரைக்கும் அதில் இடமில்லை.

எனக்கும் இது முன்பு தெரியாது. சில வருஷம் முன்னால் சிவதாபுரத்தில் இருக்கும் அப்பாவுக்கு நாலு நாள் விடாத காய்ச்சல். கொலுசுப் பட்டறையில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி என்றாலே முகம் சுளிப்பார். "அட்டை இருக்குதுல்லப்பா, காசு ஆகாது" என்று சொல்லித்தான் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வாசலில் திட்டத்தின் போர்டு பெரிதாக இருந்தது. கவுண்டரில் அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "அட்மிஷன் ஆனாத்தாங்க இது" என்றார்கள். ரத்த டெஸ்ட், ஸ்கேன், ஃபீஸ் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் கட்டிவிட்டு வெளியே வந்தோம். அப்பா வண்டியில் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், "இவன் கார்டு காசு ஆகாத கார்டு" என்றார். இன்றைக்கும் ஏதாவது பில் வந்தால் அதையே சொல்வார்.

சரி, என்ன செய்யலாம்?

வீட்டில் யாராவது மில்லிலோ கம்பெனியிலோ வேலை பார்த்து, மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் முதலில் இ.எஸ்.ஐ. (சம்பளத்தில் பிடிக்கிற தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்கிற 'அட்டையைக் காட்டிப் பார்க்கிற டாக்டர்' நம் ஊரில் உண்மையாகவே இருப்பது அங்கேதான். சம்பளத்தில் 0.75 சதவீதம் நம் பக்கம், 3.25 சதவீதம் முதலாளி பக்கம். உங்கள் பெயர் ஒரு டிஸ்பென்சரியோடு சேர்க்கப்பட்டிருக்கும். மனைவி, பிள்ளைகள், உங்களை நம்பி இருக்கிற வருமானம் இல்லாத பெற்றோர் வரை அங்கே பார்த்து மாத்திரை வாங்கலாம். வீடு மாறினால் டிஸ்பென்சரியையும் மாற்றிக்கொள்ள வேண்டும், இதைப் பலரும் செய்வதில்லை. நான் கொண்டலாம்பட்டியிலிருந்து வீடு மாறி ஒரு வருஷம் பழைய இடத்துக்கே இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தேன். கூட்டம் இருக்கும், டாக்டர் நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது, அதெல்லாம் உண்மை. ஆனால் உடம்பு முடியாமல் லீவு போட்டால் அங்கே தரும் சர்டிபிகேட்டை வைத்துத்தான் 70 சதவீதச் சம்பளம், வருஷத்துக்கு 91 நாள் வரை வாங்க முடிகிறது. தெருக்கோடி கிளினிக் ஊசியில் அது வராது.

இ.எஸ்.ஐ. இல்லையென்றால் காப்பீட்டை மறந்துவிட்டு யோசியுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் எது என்று தேடுங்கள். 2023-ல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையம் பக்கத்தில் இருந்தால் இன்னும் வசதி. காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8 என்று வைத்திருப்பதால் வேலைக்குப் போகிறவர்களும் பார்க்கலாம். அட்டையே வேண்டாம், காசும் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்; மாத்திரை வீட்டுக்கே வரும். அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. கொண்டுவரும் அக்காவுக்காக அம்மா காபி போட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பது தனிக் கதை.

இதையெல்லாம் தாண்டியும் குடும்ப டாக்டர் என்று ஒருவர் வேண்டும் என்பதே என் கட்சி. அட்டையை எடுத்துக்கொள்ள அல்ல, அட்டையை எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்ல. தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் டூட்டி முடிந்து தனியாகப் பார்க்கலாம் என்பதால், பகலில் அரசு ஆஸ்பத்திரியில் இருப்பவரே சாயங்காலம் உங்கள் தெருவில் போர்டு மாட்டியிருப்பார். அக்கம்பக்கத்தில் 'கைராசி' என்று பெயர் சொல்வார்கள். நான் கைராசியைவிட மருந்துக் கடைக்காரர் சொல்வதை நம்புவேன். எந்த டாக்டர் சீட்டில் இரண்டு மாத்திரை, எவர் சீட்டில் ஏழு மாத்திரை என்று அவருக்குத்தான் தெரியும். அப்பாவுக்கு அப்படித்தான் ஒருவரைப் பிடித்தோம். ஃபீஸ் நூற்றைம்பது.

போன வருஷம் அப்பா நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது, வாயுதான் என்றார். டாக்டர் உடனே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அட்டை கையில இருக்கா? நேரா ஜி.ஹெச். போ, வழியில எங்கயும் நிக்காத" என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மோகன் குமாரமங்கலம் ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்தார்கள். ஸ்டென்ட் காப்பீட்டில் வைத்தார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் இந்த அட்டை ஓடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம் என்றால் ஒன்று கவனியுங்கள்: திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரி எல்லாப் பிரிவுக்கும் சேர்ந்திருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. போர்டைப் பார்த்து உள்ளே போகாமல், உங்கள் வியாதிக்கு உண்டா என்று காப்பீட்டுக் கவுண்டரில் கேட்டுவிட்டு அட்மிஷன் போடுங்கள்.

ஏற்காட்டில் சித்தி இருக்கிறார், அங்கே அரசு ஆஸ்பத்திரி இருந்தாலும் பெரிய காரியத்துக்கு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கித்தான் வர வேண்டும். அதனால் அவர் வீட்டில் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றின் நகலும் ஒரு மஞ்சப்பையில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். நீங்கள் வருவது சமதளம்தான், ஆனாலும் சாமான் இறக்கியதும் அப்படி ஒரு பையை முதலில் மாட்டுங்கள்.