டிக்கெட் தருகிறார்கள் என்பதற்காக எரிமலையில் ஏறலாமா?

காரைக்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆகஸ்டில் நண்பனோடு இந்தோனேசியா போகிறாராம், பாலியில் பாத்தூர், ஜாவாவில் இஜென் என்று இரண்டு எரிமலை ஏற ஆசை. இவருக்கு லேசாக வீசிங் உண்டு. "நண்பன் இஜென்ல எரிமலைப் பள்ளத்துக்குள்ளயே இறங்கணும்னு நிக்கிறான், அப்பத்தா போகவே கூடாதுங்கிறாங்க, யார் பேச்சைக் கேக்குறது சார்?"

பாத்தூர் போங்கள் தம்பி. இஜென் உங்களுக்கு வேண்டாம்.

எரிமலை என்றதும் எல்லோரும் பயப்படுவது நெருப்புக் குழம்புக்கு. மலை ஏறுகிறவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஆவிதான். வெள்ளைப் பணியாரம் சுடும்போது காய்ந்த எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் எப்படித் தெறிக்கிறது? மலைக்குள்ளும் நிலத்தடி நீர் கொதிக்கிற பாறையைத் தொட்டால் நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, மேலே கிடக்கிற கல்லையும் சாம்பலையும் பிய்த்துக்கொண்டு வரும். பல நேரம் முன்கூட்டி ஒன்றும் தெரியாது. ஜப்பானில் ஒன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று இப்படித்தான் வெடித்தது. அன்றைக்கு எச்சரிக்கை நிலை இருப்பதிலேயே குறைந்த ஒன்று, உச்சியில் சனிக்கிழமைக் கூட்டம், இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அதனால் எந்த மலையானாலும் விளிம்பில் பார்த்தோமா, இறங்கினோமா என்று இருங்கள். அங்கே உட்கார்ந்து டிபன் சாப்பிட வேண்டாம்.

சுமத்ராவின் மராபி இன்னொரு பாடம். 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்து, ஏறப் போனவர்களில் 24 பேர் இறந்தார்கள். பள்ளத்தைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலை ஆய்வாளர்கள் சொல்லியிருந்தும், மலையடியில் ஏறுவதற்கு அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். வாசலில் டிக்கெட் கிடைப்பதற்கும் மலை அமைதியாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. வழிகாட்டியைக் கேட்டாலும் 'ஒன்றும் ஆகாது' என்பார், அவர் பிழைப்பு அது. நீங்களே முதல் நாள் சாயங்காலம் 'மாக்மா இந்தோனேசியா' என்ற அந்நாட்டு அரசின் எரிமலைத் தகவல் தளத்தைத் திறந்து பாருங்கள். நான்கு எச்சரிக்கை நிலைகள் உண்டு: நார்மல், வாஸ்பாடா, சியாகா, அவாஸ். நார்மல் என்றால் போகலாம். வாஸ்பாடா என்றால் எத்தனை கிலோமீட்டருக்குள் போகக் கூடாது என்பதையும் அதிலேயே போட்டிருப்பார்கள், அந்த வட்டத்துக்குள் பாதை போனால் பயணத்தை விட்டுவிடுங்கள். சியாகா, அவாஸ் என்றால் போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இப்போது இஜென். ராத்திரியில் நீலமாக எரிகிறதே, அது கந்தக வாயு. அடுப்புப் புகை மாதிரி முற்றத்து வழியாக மேலே போய்விடும் என்று நினைக்காதீர்கள். காற்றைவிடக் கனமானது, மழைத் தண்ணீர் ஊருணிக்கு ஓடுகிற மாதிரி பள்ளம் பார்த்து இறங்கித் தேங்கும். உங்கள் நண்பன் இறங்க ஆசைப்படுவதும் அதே பள்ளத்துக்குத்தான். வீசிங் உள்ளவருக்குக் கொஞ்சம் வாயுவே போதும், மூச்சுக்குழாய் இறுகிவிடும். என்95 முகக்கவசம் சாம்பலைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அங்கே வாடகைக்குத் தரும் வாயுக் கவசத்தில் வடிகட்டி எத்தனை பேர் மாட்டிக் கழற்றியதோ. அந்தப் பாதையில் எழுபது கிலோவுக்கு மேல் கந்தகக் கட்டிகளைக் காவடி போலத் தோளில் சுமந்து ஏறி வருகிற தொழிலாளிகளைப் பார்த்தால், வாயில் ஒரு துணியைக் கடித்துக்கொண்டு இருமியபடியே வருவார்கள். அவர்கள் தலைவிதி அது, உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பாத்தூர் 1,717 மீட்டர், கடைசியாகப் பொங்கியது 2000இல். விடியலுக்கு முன் இரண்டு மணி நேர ஏற்றம். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், கரிய சரளை காலடியில் உருளும், உடைத்த செம்புறாங்கல் மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். கணுக்கால் மூடும் ஷூ, கையுறை, தலைவிளக்கு, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும், பேக்கின் அடியில் அல்ல. போவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று முறை பிரான்மலை ஏறிப் பழகுங்கள், மூச்சு எப்படி இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பயணக் காப்பீட்டில் மலையேற்றம் சேர்ந்திருக்கிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

அப்புறம் நண்பர். ஊரிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்: இருவரில் யார் 'இறங்கலாம்' என்றாலும் இருவரும் இறங்க வேண்டும், காரணம் கேட்பதெல்லாம் கீழே வந்துதான். இருட்டில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே என்று பிரியவும் கூடாது. இதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் வேறு துணை தேடுங்கள்.

அப்பத்தாவிடம் மறைத்துவிட்டுப் போகாதீர்கள். எந்த மலை, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்று சொல்லுங்கள், இறங்கியதும் முதல் போன் அவருக்குப் போகட்டும்.