தீ அணைந்தது, தண்ணீர் எங்கே போனது?

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: ரசாயனக் குடோன் தீயும், அது விட்டுப்போகிற கழிவும். ஆகவே மற்ற கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில். யார், எந்த ஆலை என்ற விவரங்களை எடுத்துவிட்டேன், ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கெமிக்கல் குடோன் ராத்திரி முழுக்க எரிந்தது. விடிவதற்குள் அணைத்துவிட்டார்கள். "எல்லாம் கட்டுக்குள் வந்துவிட்டது, பயப்பட ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் ரோட்டோர வாய்க்காலில் இன்னும் பழுப்பாகத் தண்ணீர் நிற்கிறது, மேலே நுரை. நிஜமாகவே முடிந்துவிட்டதா?
(வாசகர், குடிகாடு, கடலூர்)

தீ முடிந்துவிட்டது, கழிவு இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. எரியாமல் மிச்சமிருக்கும் சரக்கு, பாதி வெந்து உருமாறியது, சாம்பல் எல்லாவற்றையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஓடுவது தீயணைப்பு வண்டி அடித்த தண்ணீர்தான். எத்தனை வண்டி வந்தது, எவ்வளவு நேரம் அடித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள், லட்சக்கணக்கில் லிட்டர் வரும். அது எங்கே போனது? இந்த ஒரு கேள்வியை விடாமல் கேளுங்கள்.

1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரத்தை ஒட்டி, பூச்சிக்கொல்லிகள் வைத்திருந்த ஒரு கிடங்கு எரிந்தது. ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் அடித்தார்கள். அதைத் தேக்கிவைக்கத் தொட்டி இல்லை, நேராக ரைன் ஆற்றுக்குள் போனது. ஆறு சிவப்பாக ஓடியது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன் செத்து மிதந்தது. அதற்கப்புறம்தான் ஐரோப்பாவில் கிடங்கு கட்டும்போதே தீயணைப்புத் தண்ணீருக்கென்று தனித்தொட்டி வேண்டும் என்ற புத்தி வந்தது.

நமக்கும் சட்டம், விதி எல்லாம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் மழைநீர் வடிகாலுக்கு இரும்பு மதகு ஒன்று இருந்தது, தீப்பிடித்தால் முதல் வேலையாக அதை மூடவேண்டும். ஒருநாள் நிஜமாகவே தீப்பிடித்தது. ரெண்டு பேர் சேர்ந்து சக்கரத்தைத் திருகினோம், அசையவே இல்லை. அத்தனை வருஷத் துரு. கடைசியில் மணல் மூட்டையை அடுக்கித்தான் மறித்தோம், அதற்குள் எவ்வளவு போனதோ கடவுளுக்கே வெளிச்சம்.

உங்கள் வாய்க்கால் உப்பனாற்றுக்குப் போகிறது என்றால் இன்றைக்கே இரண்டு பக்கமும் மண் மூட்டை போட்டு மறிக்கச் சொல்லுங்கள். உப்பனாறு ஒரே திசையில் ஓடுகிற ஆறு இல்லை, கடல் ஏறும்போது பின்னால் தள்ளும், வற்றும்போது இழுக்கும். உள்ளே போனது ஒரேயடியாகக் கடலுக்குப் போய்விடாது, சேற்றில் தங்கும், நண்டும் இறாலும் அந்தச் சேற்றில்தான். வாய்க்காலில் தேங்கியதை லாரியில் உறிஞ்சி எடுத்து, சோதித்து, அதற்கப்புறம்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அடியில் இருக்கும் வண்டலையும் சேர்த்து அள்ளவேண்டும். இதெல்லாம் ஐப்பசி மழைக்கு முன்னால் நடக்கவேண்டும். அள்ளுவதற்கு நாளாகும் என்றால் கருகிய மண்மேடு முழுக்கத் தார்ப்பாயாவது போடட்டும், ஒரு பெருமழை போதும், ஒரு மனைக்குள் இருக்கிற விஷம் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

கேள்வி: போர் தண்ணீரில் லேசாக மருந்து வாடை வருகிறது. காய்ச்சிக் குடிக்கலாமா? பக்கத்து வீட்டில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்கிறார்கள்.
(வாசகி, பச்சையாங்குப்பம்)

வேண்டாம் அம்மா, ரெண்டும் வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், ரசாயனம் சாகாது. தண்ணீர் ஆவியாகி மிச்சம் இன்னும் கெட்டியாகும். சீக்கிரம் ஆவியாகிற ரகமாக இருந்தால் அடுப்படியில் நிற்கிற உங்கள் மூக்குக்குத்தான் முதலில் வரும். பிளீச்சிங் பவுடரும் கிருமிக்குத்தான். வாடை வருகிற தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எதற்கும் எடுக்காதீர்கள், லாரித் தண்ணீர் கேட்டு ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுங்கள்.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, கிருமி இதைத்தான் பார்ப்பார்கள், பூச்சிக்கொல்லியோ கரைப்பானோ அதில் தெரியவே தெரியாது, "நல்ல தண்ணீர்" என்று சீட்டு வந்துவிடும். குடோனில் என்னென்ன இருந்தது என்ற பட்டியலை வாங்கி, அதே பெயர்களைச் சொல்லிச் சோதிக்கவேண்டும். நிலத்தடி நீர் மெதுவாக நகர்கிறது. இன்றைக்குச் சுத்தமாக இருந்தாலும் மழைக்காலம் முடிந்ததும் திரும்ப ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: அண்ணே, எரிந்த இடத்தைச் சுத்தம் செய்யக் கான்ட்ராக்டர் கூப்பிடுகிறார், வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு கூலி. துணி மாஸ்க்கும் கையுறையும் தருகிறார்கள். போகலாமா?
(வாசகர், செம்மங்குப்பம்)

தம்பி, துணி மாஸ்க் தூசிக்கே அரைகுறைதான். ரசாயன ஆவிக்கு வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும், அந்த வடிகட்டியும் இன்ன ரசாயனத்துக்கு இன்னது என்று கணக்கு. உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல மறுக்கிறவர் சரியான முகமூடியை எப்படிக் கொடுப்பார்? பட்டியல் இல்லையென்றால் போகாதீர்கள். ரெண்டு மடங்கு கூலி எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

போயே ஆகவேண்டும் என்றால், உப்பிய டிரம்மைத் தட்டவோ திறக்கவோ கூடாது, உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். சிந்தியதன் மேல் கைக்குக் கிடைத்த மரத்தூளை அள்ளிப் போடுவது நம் பழக்கம். நைட்ரிக் அமிலம், பெராக்சைடு மாதிரி ரகத்தில் மரத்தூள் பட்டால் தானே பற்றிக்கொள்ளும், காய்ந்த மணல் போடுங்கள். பிளீச்சிங் பவுடர் இங்கேயும் வேண்டாம், அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். சாம்பலை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள், பறக்கும். சோடியம் மாதிரி தண்ணீரோடு வினைபுரியும் சரக்கு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் லேசாக நனைத்து அள்ளுங்கள். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போகாதீர்கள், உங்கள் மனைவி அதைத் துவைப்பார்.

பூச்சிக்கொல்லி என்றால் வேலைக்கு முன்னாலேயே ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (சில ரகப் பூச்சிக்கொல்லி முடக்கிவிடுகிற ஒரு நொதி) அளவு பார்த்து வையுங்கள், அப்புறம் திரும்பப் பார்த்து ஒப்பிடலாம். வாயில் எச்சில் ஊறுகிறது, காரணமில்லாமல் வியர்க்கிறது, பார்வை மங்குகிறது, கண்ணின் கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்குகிறது என்றால் அது வெயில் மயக்கம் இல்லை. உடனே ஆஸ்பத்திரி. டிரம் லேபிளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேள்வி: காயலான் கடையில் நீல நிற டிரம் மலிவாகக் கிடைத்தது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டோம். தண்ணீர் பிடித்து வைக்கலாமா?
(வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

கூடாது. பிளாஸ்டிக் சுவரே ரசாயனத்தைக் குடித்து வைத்திருக்கும், சோப்பு அங்கே எட்டாது. ரசாயனம் ஒட்டிய காலி டிரம்மைச் சட்டமே அபாயக் கழிவு என்றுதான் சொல்கிறது. அதை விற்றதே தப்பு. செடி வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: அள்ளின கழிவு கடைசியில் எங்கே போகிறது? லாரி போவதைப் பார்த்தோம், அவ்வளவுதான்.
(வாசகர், கடலூர் முதுநகர்)

நல்ல கேள்வி. சாம்பல், மண், பாழான சரக்கு இதெல்லாம் குப்பைக் கிடங்குக்குப் போகக்கூடாது. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போல, அடியில் விரிப்புப் போட்டு மூடுகிற அபாயக் கழிவுக் குழிக்கோ, எரி உலைக்கோ போகவேண்டும். 2016 ஆம் ஆண்டு விதிப்படி ஆலை வளாகத்தில் பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நடைமுறை வேறு என்பது தெரிந்ததுதான், போபாலில் மிச்சமிருந்த 337 டன் கழிவு ஆலையைவிட்டு வெளியே போனது 2025 ஜனவரியில், விபத்து நடந்து நாற்பது வருஷம் கழித்து.

லாரிக்கு ஒரு சீட்டு உண்டு, ஏழு நகல்கள், ஏழு நிறம். அனுப்பியவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுப்பது வெள்ளை, வாங்கியவர் வாரியத்துக்குக் கொடுப்பது பச்சை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இந்த ரெண்டையும் கேளுங்கள். லாரி எண், தேதி, எடை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெள்ளையில் இருக்கிற எடை பச்சையில் குறைந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த மனுவை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.