பில்லில் நாலு பெயர், இதில் யாரிடம் போவது?

தம்பி கேட்டதை மற்றவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. கவுன்சில் டாக்ஸ், அதாவது குடியிருக்கும் வீட்டுக்கான உள்ளாட்சி வரி, அதன் பில் வந்திருக்கிறது, மேலே நார்த் நார்தாம்ப்டன்ஷயர் கவுன்சில் என்று இருக்கிறது, உள்ளே பார்த்தால் போலீஸுக்கு, தீயணைப்புக்கு, டவுன் கவுன்சிலுக்கு என்று தனித்தனியாகத் தொகை. வீட்டுக்காரரைக் கேட்டால் "பரோ கவுன்சிலுக்குப் போன் பண்ணு" என்கிறார். இணையத்தில் தேடினால் கவுண்டி கவுன்சில் என்று பழைய பக்கங்கள் வருகின்றன. இவர்களெல்லாம் யார், தலைமை யார், நம்மூர்க் கலெக்டர் மாதிரி ஒருவர் இருக்கிறாரா, அண்ணா? இதுதான் கேள்வி.

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, அவர் மனதில் இன்னும் பழைய ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கெட்டரிங் பரோ கவுன்சில் என்று இப்போது ஒன்று கிடையாது. நார்தாம்ப்டன்ஷயர் கவுண்டி கவுன்சிலும் கிடையாது. 2021 ஏப்ரல் 1 அன்று காலை விடிந்தபோது இரண்டும் போய்விட்டிருந்தன, அந்த இடத்தில் புதிதாக உங்கள் பில்லில் இருக்கிற கவுன்சில் உட்கார்ந்திருந்தது.

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால்தான் புதியது புரியும். நான் 2007இல் வந்தேன். அப்போது இங்கே இரண்டு அடுக்கு. 1972இல் ஒரு சட்டம் போட்டு 1974இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு அது. மேல் அடுக்கில் கவுண்டி: பள்ளிக்கூடம், சாலை, நூலகம், முதியோர் பராமரிப்பு, குழந்தைகள் நலம். கீழ் அடுக்கில் பரோ அல்லது டிஸ்ட்ரிக்ட்: குப்பை, வீடு கட்ட அனுமதி, கவுன்சில் வீடுகள், டாக்ஸி லைசென்ஸ், பூங்கா. இதில் பெரிய வேடிக்கை குப்பைதான். வாசலில் வைத்த குப்பையை வந்து எடுப்பவர் பரோ, எடுத்ததை எங்கே கொட்டுவது என்று பார்க்க வேண்டியவர் கவுண்டி. வரியை வசூலிப்பது பரோ, வசூலானதில் பெரிய பங்கு போவது கவுண்டிக்கு. நான் மகளுக்குப் பள்ளியில் இடம் கேட்கப் பரோ ஆபீசுக்குப் போய் நம்பர் எடுத்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே, இது கவுண்டியின் வேலை, நார்தாம்ப்டனுக்கு எழுதுங்கள் என்று முகவரி எழுதிக் கொடுத்தார். தப்பு என் மேல்தான், பில்லின் பின்பக்கம் எல்லாம் அச்சடித்துத்தான் இருந்தது, யார் படிக்கிறார்கள்.

இந்த இரண்டு அடுக்கையும் ஒன்றாக்கி எல்லா வேலையையும் ஒரே கவுன்சிலிடம் கொடுத்தால் அதற்குப் பெயர்தான் யூனிட்டரி. இங்கிலாந்தில் இது புதிதல்ல. 1990களிலேயே சில இடங்களில் செய்தார்கள். நம் பக்கத்து ரட்லண்ட் 1997இல் அப்படி ஆனது, மொத்த ஜனம் நாற்பதாயிரத்துச் சொச்சம்தான். 2009இல் கார்ன்வால், வில்ட்ஷயர், டரம் என்று ஒரு அலை. 2023இல் சோமர்செட், வடக்கு யார்க்‌ஷயர் எல்லாம். நம் பக்கம் வந்த விதம் மட்டும் வேறு. மற்ற ஊர்களில் செலவைக் குறைக்கலாம், குழப்பத்தைத் தவிர்க்கலாம் என்று பேசிப் பேசி மாற்றினார்கள். இங்கே கவுண்டி கவுன்சில் திவாலாகும் நிலைக்குப் போனதால் மாற்றினார்கள்.

திவால் என்று பேச்சுக்குச் சொல்கிறேன், சட்டப்படி இங்கே கவுன்சில் திவாலாக முடியாது. ஆனால் வருமானத்துக்கு மேல் செலவு போகப்போகிறது என்று தெரிந்தால், கவுன்சிலின் நிதி அதிகாரியே எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தாக வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 114ஆம் பிரிவு அது. அந்த நோட்டீஸ் விழுந்தால், சட்டப்படி செய்தே தீர வேண்டிய வேலைகளைத் தவிர புதுச் செலவு எதுவும் கூடாது, 21 நாளைக்குள் கவுன்சிலர்கள் கூடிப் பேச வேண்டும். 2018 பிப்ரவரியில் நார்தாம்ப்டன்ஷயரில் அது விழுந்தது, இங்கிலாந்தில் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக. அதே ஜூலையில் இரண்டாவதும் விழுந்தது. இதில் ஒரு கூத்து, அதற்குச் சில மாதம் முன்புதான், 2017 அக்டோபரில், ஐந்து கோடியே முப்பது லட்சம் பவுண்டு செலவில் நார்தாம்ப்டனில் புதுத் தலைமை அலுவலகம் திறந்திருந்தார்கள். திறந்து வைத்தவர் அப்போதைய அமைச்சர் சாஜித் ஜாவித். கணக்கைப் பார்க்க ஆய்வாளரை அனுப்பியவரும் அவரே, 2018 ஜனவரியில். பிறகு அந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தார்கள்.

ஆய்வாளர் மேக்ஸ் காலர் மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். பணம் போதவில்லை என்ற சாக்கை அவர் ஏற்கவில்லை, மற்றக் கவுண்டிகளுக்கும் அதே நெருக்கடிதானே, இங்கே செலவின் மேல் இருந்த பிடி விட்டுப்போய்விட்டது, இதைச் சரிசெய்வதைவிடக் கலைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்பது அவர் முடிவு. கவுண்டியை மட்டும் கலைத்தால் போதாது, கீழே இருந்த ஏழு பரோ, டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துக் கலைத்து இரண்டு யூனிட்டரியாக்கச் சொன்னார். கெட்டரிங், கார்பி, வெல்லிங்பரோ, ஈஸ்ட் நார்தாம்ப்டன்ஷயர் நான்கும் வடக்கு. நார்தாம்ப்டன், டாவன்ட்ரி, சவுத் நார்தாம்ப்டன்ஷயர் மூன்றும் மேற்கு. ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்த பரோக்காரர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அண்ணன் வாங்கிய கடனுக்குத் தம்பி வீட்டையும் இடித்த கதை.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, இதை முடிவு செய்வது யார் என்பதுதான். ஊர் மக்கள் வாக்குப் போட்டு யூனிட்டரி வருவதில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கவுன்சில்களை "திட்டம் கொடுங்கள்" என்று அழைக்கிறார், அவர்கள் கொடுக்கிறார்கள், மக்களிடமும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு அமைச்சர் முடிவெடுக்கிறார், கடைசியில் ஒரு ஆணை நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் நிறைவேற வேண்டும். எங்களுக்கு அந்த ஆணை 2020இல் வந்தது. ஆணை வந்த பின்னும் பழைய கவுன்சில்கள் ஓராண்டுக்கு மேல் வேலையை நடத்தின, பக்கத்திலேயே "நிழல் கவுன்சில்" ஒன்று, பழைய கவுன்சிலர்களையே உறுப்பினர்களாகக் கொண்டு, புதிய கவுன்சிலுக்கு ஆள் எடுப்பது, பட்ஜெட் போடுவது, நான்கு ஊரின் கணினிகளையும் ஒப்பந்தங்களையும் வரி விகிதங்களையும் ஒன்றுக்கொன்று பொருத்துவது என்று மூச்சுவிடாமல் ஓடியது. 2020 மே மாதம் நடக்க வேண்டிய முதல் தேர்தல் கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. அதனால் 2021 ஏப்ரல் 1இல் கவுன்சில் பிறந்துவிட்டது, அதற்குத் தேர்தல் நடந்தது மே 6இல். பிள்ளை பிறந்து ஒரு மாதம் கழித்து வளைகாப்பு.

சரி, இப்போது யார் நடத்துகிறார்கள் என்பதற்கு வருகிறேன்.

முதல் தேர்தலில் 78 கவுன்சிலர்கள். வார்டுகளைத் திருத்தி வரைந்த பிறகு 2025 மே தேர்தலில் 68. மூன்றரை லட்சத்துக்கு மேல் ஜனம், ஆக ஒரு கவுன்சிலருக்கு ஐயாயிரம் பேருக்குச் சற்று அதிகம். நான்காண்டுப் பதவி. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு படி மட்டும் உண்டு, பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இதையும் செய்கிறவர்கள். 2021இல் கன்சர்வேடிவ் கட்சிக்குப் பெரிய பெரும்பான்மை, 2025இல் அது அப்படியே கவிழ்ந்து ரிஃபார்ம் கட்சி கைக்குப் போனது.

எல்லாக் கவுன்சிலர்களும் சேர்ந்த முழு மன்றம்தான் பட்ஜெட்டையும் கவுன்சில் டாக்ஸையும் முடிவு செய்கிறது, வருடா வருடம் மார்ச் 11க்குள் செய்தாக வேண்டும். அதே மன்றம் தனக்குள் ஒருவரை லீடராகத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர்தான் பெரும்பாலும் லீடர். அவர் தனக்கு ஒரு கேபினட் அமைத்துக்கொள்கிறார், அவரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு மேல் கூடாது, இங்கே அதை எக்ஸிக்யூட்டிவ் என்பார்கள். சாலைக்கு ஒருவர், வீட்டு வசதிக்கு ஒருவர், முதியோர் பராமரிப்புக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு துறை. அன்றாட முடிவுகள் இங்கேதான். கேபினட்டில் இல்லாத கவுன்சிலர்கள் ஆய்வுக் குழுக்களில் உட்கார்ந்து அந்த முடிவுகளைக் கேள்வி கேட்கலாம், எடுத்த முடிவை மறுபடி யோசியுங்கள் என்று திருப்பி அனுப்பலாம். எல்லா ஊரிலும் லீடர் முறைதான் என்றில்லை. பக்கத்து பெட்ஃபர்டும் யூனிட்டரிதான், ஆனால் அங்கே மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயர் நடத்துகிறார்.

வீடு கட்டும் அனுமதி கேபினட்டுக்கு அப்பால். பெரும்பாலான மனுக்களை அதிகாரிகளே முடிவு செய்துவிடுவார்கள், சிக்கலானது திட்டக் குழுவுக்குப் போகும். அங்கே கட்சி கொறடா உத்தரவு போடக்கூடாது, "லீடரைத் தெரியும், சொல்லி வாங்கித் தருகிறேன்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கலெக்டர் விஷயம். கிடையாது. நம்மூரில் மாநகராட்சிக்கு மேயர் இருந்தாலும் கமிஷனராக அரசாங்கம் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை அனுப்பி வைக்கும், நாமும் மனுவைத் தூக்கிக்கொண்டு அவரிடம்தான் போவோம். இங்கே தலைமை அதிகாரி சீஃப் எக்ஸிக்யூட்டிவ், விளம்பரம் போட்டு, நேர்காணல் வைத்து, கவுன்சிலே எடுக்கும் ஆள், லண்டனில் இருந்து யாரும் அனுப்புவதில்லை. அவரோடு சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவர்கள் இன்னும் இரண்டு பேர்: பணத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர், நான் மேலே சொன்ன 114 நோட்டீஸ் கொடுக்கிறவர் இவர்தான், சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் மானிட்டரிங் ஆபீசர் இன்னொருவர். இந்த இரண்டு பேருக்கும் லீடரிடமே "இது முடியாது" என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரம் உண்டு, எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான். கவுன்சில் மொத்தமாகத் தடுமாறினால்தான் லண்டன் ஆள் அனுப்பும். 2018இல் கவுண்டிக்கு அப்படி இரண்டு ஆணையர்கள் வந்தார்கள்.

அப்புறம் பில்லில் உள்ள மற்ற பெயர்கள். போலீஸும் தீயணைப்பும் கவுன்சிலின் கீழ் இல்லை, இரண்டையும் பார்க்கத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனர் ஒருவர் நார்தாம்ப்டன்ஷயர் முழுமைக்கும் இருக்கிறார். கவுன்சில் அவர் பங்கை வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். டவுன் கவுன்சில் என்பது பரோ போன பிறகு ஊருக்கென்று ஒன்று இருக்கட்டும் என்று அமைத்தது, பஞ்சாயத்து மாதிரிச் சின்னது. கழுத்தில் சங்கிலி போட்டுக்கொண்டு விழாவுக்கு வருகிற மேயர் இவர்களுடைய ஆள், அவரிடம் சாலைப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னால் பாவம், கேட்டுக்கொள்வார். ஆஸ்பத்திரியும் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை, கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லை. பள்ளி இடத்துக்கான விண்ணப்பம், குப்பை, சாலை, நூலகம், வீடு, பிறப்புப் பதிவு எல்லாம் ஒரே கவுன்சில், ஒரே இணையதளம். தனியாளாக இருந்தால் கவுன்சில் டாக்ஸில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு, கேட்டு வாங்குங்கள், அது விசாவைப் பாதிக்காது. வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன் என்பது வேறு, உங்கள் விசாவில் அரசு நிதியுதவி கூடாது என்று இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

முன்பு இரண்டு இடத்துக்கு அலைந்தோம், இப்போது ஒன்று. அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் முன்பு கெட்டரிங் விஷயத்தைக் கெட்டரிங்கிலேயே பேசினார்கள், இப்போது மன்றம் கூடுவது கார்பியில். வெல்லிங்பரோக்காரர் கெட்டரிங் தெருவைப் பற்றி வாக்களிக்கிறார். செலவிலும் ஒரேயடியாக மாற்றம் எதிர்பார்க்காதீர்கள், பில் பணத்தில் பெரிய பகுதி முதியோர், குழந்தைகள் பராமரிப்புக்கே போகிறது, அடுக்கைக் குறைத்தாலும் அந்தச் செலவு குறையப்போவதில்லை.

வேலை ஆக வேண்டுமென்றால் முதலில் இணையதளத்தில் புகார் போட்டு எண் வாங்குங்கள். அசையவில்லை என்றால் அந்த எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு மின்னஞ்சல். பெயரும் மின்னஞ்சலும் தளத்திலேயே இருக்கும், எந்தக் கட்சியாக இருந்தாலும் எழுதலாம், உங்களுக்கு வாக்கு இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள்.

வாக்கு இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த்காரர்கள், வேலை விசாவில் இருந்தாலும் உள்ளூர்த் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். போன வருடம் பாரிஸிலிருந்து குடிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லாத உரிமை உங்களுக்கு இருக்கிறது. இணையத்தில் பத்து நிமிடத்தில் பதிவு செய்யலாம். பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் ஸ்கோருக்கும் நல்லது. வாக்குச்சாவடியில் படம் போட்ட அடையாளம் கேட்பார்கள், இந்தியப் பாஸ்போர்ட்டே போதும். இங்கே அடுத்த கவுன்சில் தேர்தல் 2029 மே.

கடைசியாக ஒன்று, வாடகை குறைவு என்று மார்க்கெட் ஹார்பரோ பக்கம் வீடு பார்ப்பதாக எழுதியிருந்தீர்கள். பதினோரு மைல்தான், ஆனால் அது லெஸ்டர்ஷயர். அங்கே இன்னும் பழைய இரண்டு அடுக்கு, குப்பைக்கு ஹார்பரோ டிஸ்ட்ரிக்ட், பள்ளிக்கு லெஸ்டர்ஷயர் கவுண்டி. இரண்டு அடுக்குள்ள எல்லா இடத்தையும் யூனிட்டரியாக்கப் போவதாக 2024 டிசம்பரில் அரசாங்கம் வெள்ளை அறிக்கை விட்டிருக்கிறது, அதுவரை அங்கே போனால் பில்லின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் போன் பண்ணுங்கள், நான் அரை மணி நேரம் உட்கார்ந்த மாதிரி உட்காராதீர்கள்.