நர்சம்மா பதில்கள்: ஐந்தாம் மாதம்தான் சொன்னாள்

கேள்வி: என் மருமகள் முழுகாமல் இருப்பதை ஐந்தாம் மாதம்தான் எங்களிடம் சொன்னாள். போன வருஷம் இரண்டு மாதத்திலேயே ஒன்று கலைந்துபோனது. இந்த முறை ஊசி, மாத்திரை, ஸ்கேன் எதுவும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான், காசும் கேட்பதில்லை. படித்த பெண் ஏன் இப்படிச் செய்தாள்? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. (பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் இரண்டாவது வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. போன வருஷம் நாள் தள்ளிப்போனதும் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? கலைந்த பிறகு அத்தனை பேரும் வந்து அவளிடம் துக்கம் விசாரித்திருப்பார்கள். 'மாடிப்படி ஏறினியா, பப்பாளி தின்னியா' என்று கேட்டிருப்பார்கள். இந்த முறை கரு நின்றது உறுதியான பிறகு வாயைத் திறக்கலாம் என்று அவள் இருந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். தாமதமாக வந்தவர்களில் சோம்பேறித்தனத்தால் வந்தவள் என்று ஒருத்தியைக்கூட என்னால் காட்ட முடியாது.

கண் படும், மூணு மாசம் போகட்டும் என்பது ஒரு வகை. கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பவளுக்கு மாதவிலக்கே திரும்பியிருக்காது, அதற்குள் அடுத்தது தங்கிவிடும். வயிற்றில் அசைவு தெரிந்த பிறகு ஓடி வருவாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வயதில் உண்டானவள் 'தீட்டு நிற்கிற காலம்' என்றே நினைத்திருப்பாள், தெரிந்ததும் வெட்கம் பிடுங்கும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் ஊர் திரும்பினால்தான் எங்கள் கண்ணில் படுவார்கள். பதினெட்டு நிறையாத பெண்ணை வீட்டிலேயே ஒளித்து வைப்பார்கள், போலீசுக்குப் போய்விடுமோ என்ற பயம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டும் பெண்ணாகப் பிறந்த சில வீடுகளில், மூன்றாவதைத் திருட்டு ஸ்கேன் பார்க்கும் வரைக்கும் மறைப்பார்கள். கருவின் பாலைச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம். பதிவாகிவிட்டால் நாங்கள் தேடி வருவோம் என்பதால்தான் அந்த ஒளிவு. அங்கே அந்தப் பெண்ணுக்குப் பேசவே உரிமை இருக்காது.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போன தாய்மார்கள் நாட்டில் 70 சதவீதம். பத்தில் மூன்று பேர் அதற்குப் பிறகுதான் போயிருக்கிறார்கள், அல்லது போகவே இல்லை.

நான் செய்த தவறு ஒன்றையும் எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருஷம் இருக்கும். மூன்றாவது பிரசவம், ஆறு மாதம் முடிந்து ஒருத்தி வந்தாள். முந்தானையை இழுத்துச் சுற்றி வயிற்றை மறைத்திருந்தாள். உள்ளங்கையில் சிமெண்டு அரித்த வெடிப்பு. கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பதற்றத்தில், பத்துப் பேர் உட்கார்ந்திருந்த வராண்டாவில் வைத்தே, "இத்தனை நாள் எங்கடி போனே?" என்று கத்திவிட்டேன். ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வரவே இல்லை. பிரசவம் வீட்டிலேயே நடந்து, ரத்தப்போக்கு நிற்காமல் ராத்திரியில் டிராக்டரில் போட்டுக் கொண்டுபோனார்கள். பிழைத்துவிட்டாள். அப்புறம் விசாரித்தேன். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கை, இவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. எங்கள் பரிசோதனை நாள் செவ்வாய். அன்றைக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு. இந்த ஒரு கேள்வியை நான் முதலிலேயே மெதுவாகக் கேட்டிருக்கலாம்.

இனி, குழந்தையைப் பற்றிய உங்கள் பயம். தவறிப்போனது ஒன்று உண்டு. ஃபோலிக் அமில மாத்திரை முதல் வாரங்களுக்கானது. குழந்தையின் தண்டுவடம், மூளையாகப் போகிற குழல் கருத்தரித்து நாலு வாரத்துக்குள்ளேயே மூடிவிடும். ஆனாலும் இப்போது கைவசம் இருப்பது நிறைய. உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 20 வாரத்துக்குள் எடுப்பது, அதற்கு இதுதான் சமயம், இந்த வாரமே கேளுங்கள். ரத்தம் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, இரும்புச்சத்து மாத்திரை தினமும் வேண்டும். மாத்திரை போட்டதும் டீ குடிக்க விடாதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீர், ரத்த வகை, தைராய்டு, ரணஜன்னி ஊசி எல்லாம் ஒரே நாளில் தொடங்கிவிடலாம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதி அவளுக்கு ஞாபகம் இருந்தால் காலண்டரில் குறித்துக் கொடுங்கள். ஸ்கேனில் நாள் கணக்கிடுவது, தள்ளிப்போகப் போகத் துல்லியம் குறையும்.

மகப்பேறு உதவித் திட்டத்துக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும் என்பார்கள். அது தவறியது தவறியதுதான் என்று பதிவையே விட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண் வேண்டும்.

வருகிற செவ்வாய் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். போன வருஷம் கலைந்ததைச் செவிலியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அட்டையில் எழுதுவார்கள். ஆனால் அதை அவள் வாயால் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ள வேண்டாம். சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள், குமட்டும். பிறகு இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். ஏன் சொல்லவில்லை என்று அன்றைக்கு மட்டும் கேட்காதீர்கள்.