இசை கேள்வி-பதில்: தகிட தகிட தக

கேள்வி: 1950-ஐ ஒட்டி வந்த அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸ் (கறுப்பின மக்களின் ஆட்ட இசை) இசைத்தட்டுகளில் கியூபா தாளம் கலந்திருக்கிறது என்கிறார்கள். அதைக் காதால் எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: கியூபா தாளத்தின் அடிப்படையைக் கையில் பழகினால் காதுக்குப் பிடிபடும். எட்டு மாத்திரையை 3+3+2 என்று பிரித்துச் சொல்லுங்கள்: தகிட தகிட தக. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்துக்கும் கை தட்டுங்கள். காலை மட்டும் இரண்டு மாத்திரைக்கு ஒரு தட்டாகச் சீராக விடுங்கள். முதல் கைத்தட்டும் மூன்றாவதும் காலோடு சேரும். நடுவில் உள்ளது இரண்டாம், மூன்றாம் கால்தட்டுகளுக்கு இடையே விழும். பழகாதவர்கள் அதையும் காலோடு சேர்க்க இழுப்பார்கள். உடனே 4+2+2 ஆகி, ஆட்டம் போய் அணிவகுப்பு நடை வந்துவிடும்.

கை பழகியதும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து இசைக்குழுத் தலைவர் டேவ் பார்த்தலோமியூவின் 'கண்ட்ரி பாய்' (1949) கேளுங்கள். டிரம்ஸும் பாஸும் வழக்கமான ஸ்விங்கில், அதாவது நீளமும் குட்டையுமாக மாறி மாறி வரும் நடையில், உருள்கின்றன. சாக்ஸபோன்கள் வாசிப்பதோ, ஒரு ரும்பா (கியூபா நடன இசை) இசைத்தட்டில் பாஸ் வாசித்ததைக் கேட்டு அவர் எழுதிக்கொடுத்த வரி. கீழே உருளும் நடை, மேலே சம அளவில் விழும் நேர் நடை. இந்த உரசல்தான் காலை எழுப்புகிறது. வாசித்துப் பார்ப்பவர்கள் டிரம்ஸையும் நேர் நடைக்கு மாற்றிவிடாதீர்கள், வெறும் ரும்பாவாகிவிடும். பிற்பாடு பாஸ், கிட்டார், சாக்ஸ் மூன்றையும் ஒரே வரியை வாசிக்க வைத்தார் பார்த்தலோமியூ. அவரோடு பணியாற்றிய பாடகர் ஃபேட்ஸ் டாமினோவின் பாட்டுகளின் அடிக்கனம் அப்படி வந்ததுதான்.

கேள்வி: இது ஏன் நியூ ஆர்லியன்ஸில் முளைத்தது?
- வாசகி, ஈரோடு

பதில்: ஹவானாவோடு கப்பல் தொடர்புள்ள துறைமுகம் அது. ஹெய்ட்டி புரட்சியில் வெளியேறி கியூபாவில் தங்கியிருந்தவர்களில் 9,000-க்கும் மேற்பட்டோர் 1809-10-ல் அங்கே வந்து இறங்கினார்கள். தாளம் ஊரில் ஊறியே இருந்தது.

கேள்வி: அமெரிக்கப் பாடகர் போ டிட்லியின் தாளமும் கியூபாதானா?
- வாசகர், மதுரை

பதில்: 1955-ல் வந்த அவருடைய 'போ டிட்லி' இசைத்தட்டின் அடி, கியூபா இசையைத் தாங்கும் கிளாவே என்ற தாள அமைப்பு போலவே 16 மாத்திரை: தகிட தகிட தகதிமி தக தகதிமி. கூடவே ஜெரோம் கிரீன் குலுக்கும் மராக்காஸ் என்ற கிலுகிலுப்பைகள். ஆனாலும் நேரே கியூபாவிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டோம். தொடையையும் மார்பையும் தட்டி ஆடும் ஹாம்போன் அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. இரண்டுக்கும் வேர் ஆப்பிரிக்காவில்.

கேள்வி: டிரினிடாட் தீவின் பாட்டு வகையான கலிப்ஸோவுக்குப் பங்கே இல்லையா?
- வாசகர், சேலம்

பதில்: நிறைய உண்டு. அமெரிக்கப் பாடகர் லூயி ஜோர்டனும் பாடகி எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் சேர்ந்து பாடி 1946-ல் வெளிவந்த 'ஸ்டோன் கோல்ட் டெட் இன் த மார்க்கெட்' டிரினிடாடில் பிறந்த வில்மத் ஹூடினியின் பாட்டு. அமெரிக்க இசை இதழான பில்போர்டின் கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்தப் பட்டியலுக்கு 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' என்று பில்போர்ட் பெயர் வைத்ததே 1949-ல்தான்.